ஒரே பெயர், வேறு ஊர்: கிளியூர் அருவி முதல் காஹிராப் பட்டினம் வரை



அருவிக்கரையில் எழுந்த கேள்வி

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சில நாள்களில், மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு நாம் ஏற்காடு சென்றிருந்தோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சேர்வராயன் மலையின் மேல் ஏரியும் காடுமாக அவ்வூர் விரிகிறது. ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் கிளியூர் அருவி உள்ளது. ஏரி நிறைந்து வழியும் நீரே பள்ளத்தை நோக்கி ஓடி, ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது.

அருவிக்கு அருகில் அஸர் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தோம். மக்ரிபுக்கு முன் மேலேறிவிட வேண்டும் என்பதால், இங்கே மக்ரிப் எத்தனை மணிக்கு என்று பார்க்குமாறு ஒரு மாணவரிடம் கூறினோம். பள்ளத்தில் கைப்பேசிக்கு இடக்குறிப்புச் சரியாகக் கிடைக்கவில்லை. எனவே அவர் தொழுகை நேரச் செயலியில் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினார். ஒரு நேரம் வந்தது. உடனிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு நகைத்தார். அச்செயலி காட்டிய வரைபடத்தில் மலையைக் காணோம். அருகில் கடல் இருந்தது. அது கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர்.

மற்றொருவர் தம் கைப்பேசியில் தேடினார். அவருக்குத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிளியூர் வந்தது. அப்போது ஒரு சிறுவர் கேட்டார்: "ஹஜ்ரத், பெயரை மட்டும் கொடுத்தால், நாம் எந்த ஊரைச் சொல்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?"

அக்கேள்விக்கு அருவிக்கரையில் ஒரு சிறு பதிலைச் சொன்னோம். ஊர் திரும்பிய பின் கித்தாபுகளைப் புரட்டியபோது, இதே கேள்வியை நம் முன்னோர்களான இமாம்கள் எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதையே இங்கு நம் குடும்பங்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

எத்தனை கிளியூர்!

தமிழகத்தில் கிளியூர் என்பது ஓர் ஊரின் தனியுரிமை அன்று. ஏற்காட்டில் ஒன்று. திருவெறும்பூர் வட்டாரத்தில் ஒன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கிளியூர் மலையமான்கள்' எனும் சிற்றரசர் மரபு குறிக்கப்படுகிறது. மலை என்னும் சொல் பெயரிலேயே இருப்பதால், சேலத்துப் பிள்ளை ஒருவர் அதைப் படித்தவுடன் சேர்வராயன் மலையை நினைத்துவிடக் கூடும். ஆனால் அம்மரபு திருக்கோவலூர் வட்டாரத்தைச் சார்ந்தது.

குமரி மாவட்டத்துக் கிள்ளியூர், தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் கடைசி எண்ணைக் கொண்டது. தமிழில் எழுதினால் ஓர் ஒற்றெழுத்து அதைக் கிளியூரிலிருந்து பிரித்துக் காட்டிவிடும். ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு 'எல்' போடுவார், மற்றவர் இரண்டு போடுவார். வேறுபாடு கரைந்து போகும்.

இடத்தின் பெயர் மட்டுமன்றி, இடத்தால் அமைந்த மக்களின் பெயரும் இப்படி மயக்கம் தரும். சேர்வராயன் மலையின் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுகின்றனர். கேரளத்தாரைக் குறிப்பதும் அச்சொல்லே. ஆயினும் இம்மலைமக்கள் பேசுவது தமிழ்; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்பவர், ஒரு சமுதாயத்தையே வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்.

பொறி எவ்வாறு தேர்கிறது?

எழுத்தில் வரும் ஊர்ப்பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்று கணினியைக் கொண்டு கண்டறிவது இன்று தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. நாளிதழ்ச் செய்திகளை ஊர்வாரியாகத் தேடவும், வெள்ளம் வந்த இடத்தை விரைவில் அறியவும், பழைய ஆவணங்களை வரைபடத்தில் பொருத்தவும் அது பயன்படுகிறது. நாம் அறிந்த அளவில் அதன் வேலை மூன்று படிகளாக நடக்கிறது.

முதலாவது, ஒரு சொல் ஊர்ப்பெயர்தானா என்று அறிதல். நம் சமுதாயத்திலேயே நாகூர் கனி, நாகூர் மீரான், மதீனா பேகம் என்ற பெயர்கள் உண்டு. நாகூர் கனி பிறந்தது இராமநாதபுரமாக இருக்கலாம். ஆளின் பெயருக்குள் இருக்கும் ஊரைப் பொறி ஊராகவே எடுத்துக்கொண்டால் பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாவது, அப்பெயருடைய ஊர்கள் அனைத்தையும் அகராதியிலிருந்து எடுத்தல். ஜியோநேம்ஸ் எனும் உலக இடப்பெயர்த் தொகுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சேலம் என்று கேட்டால் நம் மாங்கனி நகரம் மட்டும் வராது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் தலைநகரும் சேலம்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்ப்பவர் அவற்றுள் ஒன்றைத் தொட்டுவிட்டால் என்னவாகும்! அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிழக்கு மேற்காக ஒரு பாகைத் தீர்க்கரேகை விலகினாலே கதிரவனின் நேரம் நான்கு நிமிடம் மாறும்.

மூன்றாவது, அவற்றுள் ஒன்றைத் தேர்தல். இதற்குச் சில வழிகள் உள்ளன. வேறு குறிப்பு இல்லையெனில் மக்கள்தொகை மிகுந்த, புகழ்பெற்ற ஊரை எடுத்துக்கொள்வது ஒரு வழி. அதே பத்தியில் வரும் மற்ற ஊர்களைப் பார்த்து, அவற்றுக்கு அருகிலுள்ளதை எடுப்பது இன்னொரு வழி. பத்தியில் ஏற்காடும் வாழப்பாடியும் வந்தால் கிளியூர் சேலம் மாவட்டத்ததாகவே இருக்கும். ஒரே கட்டுரையில் ஒரு பெயர் மீண்டும் மீண்டும் வந்தால், அது ஒரே ஊரைத்தான் குறிக்கும் என்று கொள்வதும் உண்டு.

இவ்வழிகளைக் கேட்டவுடன் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்குப் பழகிய வாசனை ஒன்று வரும். பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற சிக்கலை நம் முஹத்திஸ்கள் ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள். கதீப் அல்பக்தாதீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 463, கி.பி. 1071) ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்ட 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' எனும் பெருநூலை எழுதினார். அதே முறையை ஊர்களுக்குக் கொண்டுவந்தார் அபூபக்ர் அல்ஹாஸிமீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 584, கி.பி. 1188). அந்த வழியில் மிகத் தொலைவு சென்றவர் ஒருவர் இருக்கிறார்.

மர்வு நகரத்துச் சபை

யாகூத் அல்ஹமவீ (ரஹ்) உரோமர் குடியில் பிறந்து, சிறுவயதிலேயே பிடிக்கப்பட்டு, பக்தாதில் அடிமையாக விற்கப்பட்டவர். ஹமா நகரத்தைச் சேர்ந்த அஸ்கர் எனும் வணிகர் அவரை வாங்கினார். தம் கணக்குகளை எழுத ஆள் வேண்டும் என்பதற்காகக் கல்வியும் கொடுத்தார். பின்னர் விடுதலை பெற்ற யாகூத், நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பல நாடுகளில் அலைந்தார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய பெயரின் பின்னுள்ள 'ஹமவீ' அவர் பிறந்த ஊரைச் சொல்லவில்லை. அவரை வாங்கியவரின் ஊரைச் சொல்கிறது. ஊர்ப்பெயர்களுக்கு அகராதி கண்டவரின் பெயரே, விவரம் அறியாதவரை வழிதவறச் செய்யக்கூடியது!

ஹிஜ்ரி 615இல் (கி.பி. 1218) அவர் குராசானின் மர்வு நகரில் இருந்தார். குலப்பெயர்களையும் ஊர்வழிப் பெயர்களையும் தொகுத்த 'அல்அன்ஸாப்' நூலாசிரியர் ஸம்ஆனீ (ரஹ்) அவர்களின் மகனார் நடத்திய சபையில் ஒருநாள் அமர்ந்திருந்தார். அறியாமைக் காலத்து அரபுச் சந்தை ஒன்றின் பெயர் பேச்சில் வந்தது. யாகூத் அதை 'ஹுபாஷா' என்றார். ஒருவர் மறுத்து, 'ஹபாஷா' என்றே உறுதியாக நின்றார். ஓர் உகரமா அகரமா என்பதுதான் வழக்கு. மர்வின் நூலகங்கள் அக்காலத்தில் பெரும் புகழ்பெற்றவை. பிணை ஏதும் கேளாமலே ஏறத்தாழ 200 நூல்களை அவரிடம் கொடுத்துவைக்கும் அளவுக்குத் தாராளமானவை. அத்தனையிலும் தேடியும் அந்த வழக்கைத் தீர்க்கும் நூல் உடனே கிடைக்கவில்லை. அப்படியொரு நூல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது.

விரைவிலேயே மங்கோலியர் படையெடுப்பு வந்தது. உடைமைகளை இழந்து மோசுலுக்குத் தப்பிவந்தார். அவர் போற்றிய மர்வு கி.பி. 1221இல் அழிக்கப்பட்டது. அந்த நூலகங்களில் அவர் எடுத்த குறிப்புகள் அவரோடு பிழைத்தன. ஹிஜ்ரி 621இல் (கி.பி. 1224) அலெப்போ நகரில் 'முஃஜமுல் புல்தான்' எனும் ஊரகராதியின் முதல் வரைவை முடித்தார். ஒவ்வொரு பெயருக்கும் இந்த எழுத்துக்கு அகரம், இதற்கு இகரம், இதற்கு ஒற்று என்று சொல்லிச் சொல்லி உச்சரிப்பைக் கட்டிவைத்தார். புள்ளியும் குறியும் விடுபட்டுப் படியெடுத்தாலும் பெயர் கெடாதிருக்க அது ஒரு பூட்டு. கிளியூரும் கிள்ளியூரும் கலந்த நம் கைப்பேசிக்கு இல்லாத பூட்டு!

அப்பேரகராதியிலிருந்து இன்னொரு நூலைப் பிரித்தெடுத்தார். 'அல்முஷ்தரிக் வழ்அன் வல்முஃப்தரிக் ஸுக்அன்' என்பது அதன் பெயர். பெயரிடுவதில் ஒன்றுபட்டு இருப்பிடத்தில் வேறுபட்டவை என்பது அதன் பொருள். ஒரு பெயரைக் கூறி, அப்பெயரில் இரண்டு இடங்கள், மூன்று இடங்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றும் எங்குள்ளது என்று சொல்லிச் செல்லும் நூல் அது. ஜெர்மானிய அறிஞர் வூஸ்டன்ஃபெல்டு அதை 1846இல் கோட்டிங்கனில் அச்சிட்டார். கணினிகள் இன்று முதல்படியாகத் தேடும் அதே பட்டியலை, 800 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதர் தனியொருவராகத் தொகுத்தார்.

ஸவ்ர் மலை எங்கே?

பட்டியல் இருந்தால் போதுமா? தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்கு ஹதீஸ் நூல்களில் அரியதோர் எடுத்துக்காட்டு உண்டு.

மதீனாவின் புனித எல்லையைப் பற்றி அலீ (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், அது அய்ர் மலைக்கும் ஸவ்ர் மலைக்கும் இடைப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது வருகிறது. அய்ர் மதீனாவில் உள்ளது, அதில் ஐயமில்லை. ஸவ்ர் என்றவுடன் நம் உள்ளம் எங்கே செல்கிறது? ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தங்கிய குகையுடைய ஸவ்ர் மலைக்கே செல்கிறது. அதுவோ மக்காவில் இருக்கிறது. மதீனாவின் எல்லை மக்காவரை நீளுமா?

மொழியறிஞரான அபூ உபைத் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 224, கி.பி. 838) இதில் தயங்கினார். மதீனாவாசிகள் தம் ஊரில் ஸவ்ர் என்றொரு மலையை அறியவில்லை என்றும், மூலத்தில் உஹத் என்றே இருந்திருக்கக்கூடும் என்றும் கருதினார். சில அறிவிப்புகளில் இரண்டாம் எல்லையின் பெயர் சொல்லப்படாமல், இன்ன இடம் வரை என்று மட்டுமே நிற்கிறது. பெயர் பிழைபட்டதோ என்ற ஐயமே இதற்குக் காரணம் என்று விரிவுரையாளர் சிலர் கூறியுள்ளனர்.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. முஹிப்புத்தீன் அத்தபரீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 694, கி.பி. 1295) ஒரு செய்தியைப் பதிவு செய்தார். உஹதின் பின்புறம் ஸவ்ர் எனும் ஒரு சிறு மலை இருப்பதாகவும், அந்நிலத்தை நன்கறிந்த அரபிகளிடம் மீண்டும் மீண்டும் கேட்டபோது அவர்கள் அனைவரும் அதையே கூறியதாகவும் நம்பத்தக்க ஒருவர் அவருக்கு அறிவித்திருந்தார். இப்னு ஹஜர் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 852, கி.பி. 1449) இதைத் தம் விரிவுரையில் எடுத்தெழுதினார். ஹதீஸில் பிழை இல்லை. மலை சிறியது, அதன் பெயர் பெரிய மலையின் புகழுக்குள் மறைந்துவிட்டது.

சகோதரர்களே, புகழ்பெற்றதை எடுத்துக்கொள் எனும் வழி இங்கே தவறான இடத்துக்கு இட்டுச் சென்றது. அருகில் நிற்கும் பெயரைப் பார் எனும் வழி சரியான இடத்தைக் காட்டியது. அய்ர் மதீனாவில் இருந்தால், அதனோடு இணைத்துச் சொல்லப்பட்ட ஸவ்ரும் மதீனாவில்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை உறுதிசெய்தவர்கள் ஏட்டறிஞர்கள் அல்லர். ஆடும் ஒட்டகமும் மேய்த்து அந்நிலத்தில் திரிந்தவர்கள். ஊரறிவு ஊராரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதும் பணிவு ஆலிமிடம் இருந்தது.

எதிர்ப்புறமான எடுத்துக்காட்டும் உண்டு. துல்ஹுலைஃபா என்றால் மதீனாவாசிகள் இஹ்ராம் கட்டும் மீகாத் என்று ஹஜ் சென்ற எல்லாரும் அறிவோம். ஆனால் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அவர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறும்போது, திஹாமாவிலுள்ள துல்ஹுலைஃபா என்று சேர்த்துச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைக் கொண்டே, இது மீகாத் அன்று, வேறோர் இடம் என்று விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டினர். சொன்னவரே ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுப் போனால், பல தலைமுறை கடந்தும் கேட்பவர் வழிதவற மாட்டார்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் ஒன்றையும் பாருங்கள். உவைஸுல் கர்னீ என்றே பெரும்பாலும் சொல்கிறோம். கர்ன் என்பது தாயிஃப் பக்கத்து மீகாத்தாகிய கர்னுல் மனாஸில். மாபெரும் அகராதியாசிரியரான ஜவ்ஹரீ (ரஹ்) அம்மீகாத்தின் பெயரைக் 'கரன்' என்று உயிர்க்குறியிட்டு, உவைஸ் (ரஹ்) அவர்களையும் அவ்விடத்தோடு இணைத்துவிட்டார். இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) போன்றோர் இரண்டையும் திருத்தினர். மீகாத் கர்ன், உவைஸ் (ரஹ்) அவர்களோ எமன் நாட்டு முராத் குலத்தின் கிளையான கரன் என்பதைச் சேர்ந்தவர்கள். ஆகவே அவர்கள் கரனீ. அது ஊர்ப்பெயரே அன்று, குலப்பெயர். நாகூர் கனியின் நாகூரை ஊரென்று எடுக்கும் பொறியும் இவ்வகைப் பிழையைத்தான் செய்கிறது.

காஹிரா என்னும் நம் ஊர்

இதுவரை சொன்னவை அரபு நாட்டுச் செய்திகள். இனி நம் கரைக்கு வருவோம். இங்கே இந்த மயக்கம் நம் சொந்த வரலாற்றையே பாதிக்கிறது.

காயல்பட்டினத்து ஆலிம்கள் தம் அரபு எழுத்துகளில் ஊரைக் காஹிரா என்று குறித்தனர். தம் பெயர்களின் பின் 'அல்காஹிரீ' என்று எழுதினர். எகிப்தின் தலைநகரான கெய்ரோவின் அரபுப் பெயரும் காஹிராவே. அங்கிருந்து வந்து குடியேறியோர் தம் நகரின் பெயரையே இங்கும் சூட்டினர் என்பது ஊர் மரபு. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ், 1632–1703) அவர்களும் அல்காஹிரீ. அவ்வூர் உமர் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களும் அல்காஹிரீ.

தொலைதூர நாட்டு நூலகம் ஒன்றில் இவர்களுடைய கையெழுத்துப் படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் எழுதுபவர் நல்லவர், அரபும் அறிந்தவர். அல்காஹிரீ என்று கண்டவுடன் என்ன எழுதுவார்? எகிப்து என்று எழுதுவார். இனிப் பொறியே பட்டியலிட்டாலும், பெரிய ஊரை எடுத்துக்கொள் என்ற விதிப்படி கெய்ரோவையே தேரும். ஒரு வரியில் தாமிரபரணிக் கரையின் ஆலிம் நைல் நதிக்கரைக்குப் போய்விடுவார். அதன் பின் தமிழகத்து முஸ்லிம்களின் அரபுப் புலமையைத் தேடி வருபவருக்கு அந்நூல் கண்ணில் படாது. ஆசிரியரின் உஸ்தாது யார், ஓரங்களில் அரபுத் தமிழ்க் குறிப்பு உண்டா, கீழக்கரை போன்ற பெயர் உள்ளே வருகிறதா என்று பார்ப்பவருக்கே உண்மை புலப்படும்.

காயல் என்ற பெயரும் எளிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகள் வந்திறங்கும் செழிப்பான காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறார். தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டிக் காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என மூன்று ஊர்கள் உள்ளன. காயல் என்பது உப்பங்கழியைக் குறிக்கும் பொதுச்சொல்லும் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் அங்கு அகழ்ந்து பார்த்த பிஷப் கால்டுவெல், மார்க்கோ போலோவின் காயல் பழையகாயலே என்று வாதிட்டார்.

அரபுப் பயணிகள் நம் கரையை மஅபர் என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். மேற்குக் கரை மலபார். காதுக்கு இரண்டும் நெருக்கம். போதாக்குறைக்கு, பின்வந்த ஐரோப்பியர் தமிழ் மொழியையே மலபார் மொழி என்று எழுதினர். 1340களில் மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனிடம் வந்த இப்னு பதூதா, இக்கரையில் ஃபத்தன் எனும் அழகிய துறைமுக நகரைக் கண்டதாக எழுதுகிறார். பட்டினம் என்பதே அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. எந்தப் பட்டினம்? நாகப்பட்டினமா, தேவிபட்டினமா, காவிரிப்பூம்பட்டினமா? ஆய்வாளர்கள் இன்றும் ஒருமுகமாக இல்லை. அவரிடம் அந்நாளில் பேசியவர்களுக்கு ஐயமே இருந்திராது. அவர்களுக்குப் பட்டினம் என்றால் தம் பட்டினம்தான்.

தவறிய ஜனாஸா

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது எம் நினைவுக்கு வருபவர், சேலத்தில் எமக்கு அறிமுகமான ஒரு முதியவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சிறுவயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதிய நண்பர் திருப்பத்தூரில் வஃபாத்தாகிவிட்டார் என்றும், அஸருக்குப் பின் நல்லடக்கம் என்றும் இருந்தது. முதியவர் பேருந்து ஏறி, ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள திருப்பத்தூர் சென்றார். பள்ளிவாசலில் கேட்டார். இன்று இங்கே ஜனாஸா ஏதும் இல்லையே, அத்தா என்றார்கள். பலரிடம் பேசிய பின்னரே தெரிந்தது, நண்பர் தம் மகள் வீட்டில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் இறந்திருக்கிறார். அப்போது அங்கே அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது.

முதியவர் அந்தப் பள்ளியிலேயே அஸர் தொழுது, நண்பருக்காக துஆ செய்துவிட்டுத் திரும்பினார். எம்மிடம் இதைச் சொன்னபோது அவர் யாரையும் குறை கூறவில்லை. "அனுப்பின பிள்ளை மேல தப்பு இல்ல ஹஜ்ரத். அது பொறந்து வளர்ந்த ஊரு. அதுக்கு உலகத்துல ஒரே திருப்பத்தூர்தானே" என்றார்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பியதை அந்த முதியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எழுதுபவருக்குத் தம் ஊர் ஒன்றுதான். படிப்பவருக்கு அது பலவற்றுள் ஒன்று. பொறியும் அறிஞரும் எத்தனை உழைத்தாலும், எழுதியவர் வைக்காத அடையாளத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

பழைய வக்ஃபுப் பத்திரங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், நான்கெல்லை என்று எழுதிய பின்னரே நிலத்தைச் சொல்வார்கள். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால் என்று எழுதிய அக்கவனத்தை நாம் நம் குடும்பப் பதிவுகளிலும் கொள்ள வேண்டும்.

ஜனாஸா, நிக்காஹ் அறிவிப்புகளில் ஊரோடு மாவட்டத்தையும், அருகிலுள்ள பெரிய ஊரையும் சேர்த்து எழுதுங்கள். வம்சாவளி எழுதும் வீடுகளில், பாட்டனார் கிளியூர் என்று நிறுத்தாமல் எந்தக் கிளியூர் என்று இன்றே மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். அவர்கள் சென்ற பின் அதைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். எழுதிய ஆண்டையும் குறியுங்கள். திருப்பத்தூர் 2019க்கு முன் வேலூர் மாவட்டம். கள்ளக்குறிச்சி அதே ஆண்டுவரை விழுப்புரத்தோடு இருந்தது. நாமக்கல் 1997க்கு முன் சேலம் மாவட்டம். ஊர் அசையாது; மாவட்டம் மாறும். ஆங்கில எழுத்தில் எழுதினாலும் பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள். செயலி காட்டும் தொழுகை நேரத்தை ஏற்குமுன், அது காட்டும் ஊர் எது என்று ஒருமுறை பாருங்கள்.

வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். அதே ஸூராவில், மனிதரைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும் உணர்த்துகிறான். ஊரும் பெயரும் அடையாளம் காண்பதற்காகவே உள்ளன. அடையாளம் காட்டாத பெயர் பாதிப் பெயர்.

அன்று கிளியூர் அருவிக்கரையில் மாணவர்கள் கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அங்கே தேநீர் விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் மூதாட்டியிடம், பொழுது எப்போது சாயும் பாட்டி என்று ஒருவர் கேட்டார். எதிர்மலையைக் காட்டி, வெயில் அந்தப் பாறையை விட்டதும் கிளம்பிவிடுங்கள், வழியில் இருட்டாது என்றார் அவர். அவ்வாறே கிளம்பினோம். ஏற்காட்டுப் பள்ளிவாசலை அடைந்தபோது மக்ரிப் பாங்கு ஒலித்தது.

நம் முன்னோர்களின் பெயர்களும் ஊர்களும் நம் பிள்ளைகளுக்குச் சிதையாமல் போய்ச்சேர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. அந்த முதியவரின் நண்பருக்கும், நம்மில் மறைந்த அனைவருக்கும் மஃக்ஃபிரத் அளிப்பானாக. ஆமீன். யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.